பாதி விலைக்கு ஒரு டூட்டூ

“துணி குறைஞ்சுகொண்டே வந்திருக்கு. விலை மட்டும் ஏன் பிள்ளை குறையேல்லை?”

இரத்தினவேல் அந்தப் பாவாடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாலே ஆடுகிறவர்கள் கட்டுகிற டூட்டூ. இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல விரிந்து நிற்கும் வெள்ளை நெட் துணி. ஸ்டோவ்னர் பகுதியில் துஷ்யா நடத்தும் தையல்கடையில் இந்த ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமைதோறும் அவர் அம்மருட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ரயிலேறி வருவார். இதற்கு விலை கேட்பார், குறை சொல்வார், வாங்காமல் போவார். துணிக்கடைக்காரர் வீட்டில் பிறந்த நாக்கு, சும்மா கிடக்காது.

“எப்ப ஐயா குறைஞ்சது?” துஷ்யா மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“நான் வாசிச்சனான். கிட்டத்தட்ட இருநூறு வருசத்துக்கு முந்திப் பாரிசில இது முழங்காலுக்குக் கீழை தொங்கினதாம். பிறகு முழங்கால், பிறகு தொடை. இப்ப இடுப்போட நிக்குது. துணி பாதி எண்டால் விலையும் பாதிதானே நியாயம்?”

“கால் வேலை சனத்துக்குத் தெரிய வேணுமெண்டு குறைச்சது. குட்டையாக்கினால் தொங்காமல் நிக்க வேணுமெல்லோ? பத்துப் பன்னிரண்டு அடுக்கு, ஒவ்வொண்டையும் கையால பிடிச்சுத் தைக்கிறது. துணி குறையக் குறைய வேலை கூடும், ஐயா.”

“அடுக்கு முழுக்க ஓட்டை. ஓட்டைக்கும் காசு கேக்கிறியள்.”

“இடியப்பத்திலையும் ஓட்டைதான். ஆராவது விலை குறைச்சுத் தந்தவையோ?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. இப்படி ஒரு பதிலுக்காக இன்னும் எத்தனை ரயிலும் ஏறலாம் என்றிருந்தது அவருக்கு.

“தீப்பிடிக்கிற சாமான் வேறை. அந்தக் காலத்தில காஸ் விளக்கில பட்டு, ஆடின பிள்ளையள் எரிஞ்சு செத்திருக்குதுகள்.”

“எரியாமல் இருக்க மருந்து தோய்ச்ச துணியும் இருந்தது. விறைப்பாய், மங்கலாய் இருக்கெண்டு அவையளே வேண்டாமெண்டிட்டினம்.” மெஷின் நின்றது. “ஆசை அவ்வளவு, ஐயா. வீட்டில இருக்கிறவைக்கு அது விளங்காது.”

இரத்தினவேல் டூட்டூவை மேசையில் வைத்தார். பேச்சை மாற்ற ஏதாவது வேண்டும். பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டுக்குத் தைத்த சட்டைகள் சுவர் நெடுகத் தொங்கின. ரோஸ், ஊதா, தங்கநிறம். இடுப்புக்குக் கீழே எல்லாவற்றிலும் பால் பொங்கினதுபோல நெட்.

“உதுகளும் நெட்தானே?”

“எல்லாம் இதின்ரை வாரிசுகள்தான். கலியாணச் சட்டை, பிறந்தநாள் சட்டை, இப்பத்தைப் பெட்டையள் சப்பாத்தோட போடுற நெட் பாவாடை, எல்லாத்திலையும் பாலே மேடையின்ரை சாயல் இருக்கு. உங்கட சிநேகிதர் பாக்கியராசா நேற்றுப் பேத்திக்கு ரெண்டு எடுத்தவர்.”

“பாக்கியராசாவோ?” அவர் முகம் சிவந்தது. “அவன்தானே அண்டைக்கு எனக்குச் சொன்னவன், பொம்பிளைப் பிள்ளையை அரை உடுப்போட மேடை ஏத்தப் போறியோ எண்டு!”

“ஆரை ஐயா?”

இரத்தினவேல் மேசையில் கிடந்த டூட்டூவின் ஓரத்தைத் தடவினார்.

“என்ரை மகளை. ஒன்பது வயசில பாலே பழக ஆசைப்பட்டவள். இப்பிடியொண்டு வாங்கித் தாங்கோ எண்டு அழுதவள். சனம் என்ன சொல்லுமோ எண்டு மறிச்சுப் போட்டன்.”

“சனம் இப்ப என்ன சொல்லுது?”

“சனம் இப்ப இஞ்சை வந்து ஓடர் குடுக்குது.”

துஷ்யா அதற்கும் சிரிக்கவில்லை. “அப்ப இது அவவுக்கோ?”

“ஓம். தாயின்ரை செத்தவீட்டோட அவள் என்னோட கதைக்கிறதை விட்டிட்டாள். மூண்டு வருசம். இதைக் குடுத்தால் மனம் இளகுமோ எண்டு ஒரு நப்பாசை. நீங்கள் ஒருக்கால் வைச்சுப் பாருங்கோ பிள்ளை, அவளும் உங்கட உயரம்தான்.”

துஷ்யா எழுந்து வந்தாள். டூட்டூவை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். இரத்தினவேல் வெளியே பனி பெய்வதைப் பார்த்தார்.

“இறுக்கும்,” என்றாள் கடைசியில். “இனி அவவால பழகவும் ஏலாது. இது சின்னனில, எலும்பு இளசாய் இருக்கேக்கை பழகிற வித்தை.”

“தெரியும் பிள்ளை.”

“பாதி விலைக்கே தாறன். கொண்டு போங்கோ.”

அவர் திடுக்கிட்டுப் போனார். “என்ன இது? ஒரு பேச்சுக்கெண்டாலும் ஏத்திக் கேளுங்கோவன்!”

வாங்க வந்தவன் விலையை ஏற்றச் சொல்லிக் கெஞ்சும் அதிசயத்தை அவருடைய பரம்பரை கண்டதில்லை.

“வேண்டாம். இந்தப் பேரம் இண்டையோட முடியட்டும்.” டூட்டூவைக் கவிழ்த்துப் பெரிய பையில் இறக்கினாள். “மடிக்கக் கூடாது. தலைகீழாய்த் தொங்க விடுங்கோ, அப்பத்தான் விரிஞ்சபடி நிக்கும்.”

அவர் காசைக் கட்டினார். கை பையை வாங்கியது, கால் நகரவில்லை.

“அளவில்லாட்டி... வாற சனிக்கிழமை திருப்பிக் கொண்டு வரலாமோ?”

துஷ்யா அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“திருப்பி எடுக்கேலாது, அப்பா.”

மூன்று வருடமாகக் கடைக்கு வருகிற யாரோ ஒருவரைப்போல ‘ஐயா’ என்று மட்டும் கூப்பிட்ட மகளிடமிருந்து அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு பனியில் இறங்கியவருக்கு, அடுத்த சனிக்கிழமை விலை கேட்டு வர அந்தக் கடையில் இனித் தனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.