மூன்று பேரின் தெருக்கள்

குதிகால் விண்விண்ணென்று தெறிக்கிறது. துப்புரவு வேலையை அளந்து அறிக்கை தர வந்த ஆய்வு மையத்துக்காரன் தூரம் அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு, தெருக் கூட்டும் அம்மாவின் பின்னால் நடக்கிறான். துடைப்பம் சரக் சரக்கென்று முன்னே போகிறது. காலை வெயிலில் புழுதி எழும்பி அவள் நரைத்த கொண்டையில் படிகிறது. “நீ எந்தக் கட்சி ஆளு தம்பி?” “எந்தக் கட்சியும் இல்லம்மா. அளந்தத அப்படியே எழுதிக் குடுப்போம்.” “அப்ப உருட்டு. சக்கரம் உருட்டவே இப்படி மூச்சு வாங்குதே!” கூட்ட ஆளுக்கு நாலு கிலோமீட்டர், வார்டுக்கு மூன்று பேர் என்பது விதி. இந்த வார்டில் இருவர் இடம் நாலு வருடமாகக் காலி. ஒருத்தியே போதுமென்று நகரசபை அந்த இடங்களை ஒழிக்கப் பார்க்கிறது. சக்கரத்தில் எண் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தொடுகிறது. அவன் நின்றுவிடுகிறான். குனிந்த அந்த முதுகு நிமிராமலே அடுத்த தெருவுக்குள் திரும்புகிறது. அறிக்கையின் முதல் வரியை அங்கேயே எழுதுகிறான்: நகரசபை இந்த அம்மாவுக்கு இரண்டு ஆள் பாக்கி.