ஈரப் புண்

திரையில் ஊதாச் சுடர் மெல்ல இறங்கியது.

ஆராய்ச்சி மாணவியான அவள் கணினியில் உருவாக்கிய மாதிரி அது. ஹீலியம் வாயு, மின்னழுத்தம், சுற்றிலும் நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்று. நூல் தடிமனில் பிளாஸ்மா, மின்னேறி ஒளிரும் வாயு. தோலைத் தொட்டதும் பூப்போல விரிந்து அடங்கியது.

"சூடே இல்லாத நெருப்பு," என்றார் அவளுடைய ஆராய்ச்சி நெறியாளர், பேராசிரியர் தணிகாசலம். முன்வரிசையில், புண் ஆற்றும் இந்தக் கருவியைத் தயாரிக்க வந்திருந்த கம்பெனிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

உலர்ந்த தோலுக்கு ஓட்டிய கணக்கு அது.

ஈரமான புண்ணுக்கும் அவள் ஓட்டியிருந்தாள். அதில் சுடர் விரியவில்லை. ஒரே புள்ளியில் குவிந்தது. குவிந்து, பொறியாகி, சதையைத் துளைத்தது.

எல்லா முறையும் அல்ல. சில முறை.

முன்பே அந்தப் படத்தைப் பேராசிரியரிடம் நீட்டியபோது அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "மாதிரியில எங்கயோ தப்பு. சரி பண்ணு."

சரிபார்த்தாள். மாதிரி சரியாகவே இருந்தது.

இன்று அந்தப் படம் திரைக்கு வரவில்லை.

"இதை உருவாக்கின பொண்ணு இங்கதான் இருக்கா. வாம்மா, கையை நீட்டு."

பேனா போன்ற கருவி. முனையில் ஊதா இழை நடுங்கிக்கொண்டிருந்தது. மேடையேறி உள்ளங்கையை நீட்டினாள்.

சுடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒரே ஒரு கொப்புளம். எல்லார் கண் முன்னாலும்.

யாரோ மெதுவாக ஊதியதுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

கைதட்டினார்கள். தன் கையின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"சார், இது காஞ்ச தோல்..."

அவர் சிரித்தபடியே அவளை ஓரமாய் நகர்த்தினார்.

சக்கர நாற்காலியில் சென்னியப்பனை அழைத்து வந்தார்கள். சர்க்கரை நோயாளி. விசேஷத்துக்குக் கிளம்பியவர்போல சலவைச் சட்டை போட்டிருந்தார். குதிகாலின் கட்டைப் பிரித்தபோது புண் மினுமினுத்தது. ஊசியால் குத்தினாலும் அந்தக் காலில் அவருக்குத் தெரியாது.

அவள் குனிந்தாள். "ஐயா, வேண்டாம்னு சொல்லிடுங்க."

"காலை எடுக்கோணும்னுட்டாங்க அம்மிணி. இதையாச்சும் பாத்துப்போடலாம்."



பேராசிரியர் கருவியைப் பிடித்தார். ஊதா இழை புண்ணைத் தொட்டது. விரிந்தது.

அவள் மூச்சுவிட்டாள்.

டப்.

சின்னச் சத்தம். வெள்ளையாய் ஒரு புள்ளி. மறுபடியும் டப்.

பேராசிரியருக்கும் கேட்டது. ஒரு நொடி அவளைப் பார்த்தார். அவர் கை மட்டும் விலகவில்லை.

அவள் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள்.

சுடர் அணைந்தது. லேசாகக் கருகிய வாடை, மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் எட்டும் அளவுக்கு.

சென்னியப்பன் தன் காலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கையில் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டதுபோல அவர் முகம் வாடியிருந்தது.

"ஏன் அம்மிணி நிறுத்திப்போட்டே? எனக்கு ஒண்ணுமே சுடுலீயே!"

பேராசிரியர் மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனார்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி, இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா."