கனவான் முகம்

குற்றால அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து நின்ற மனிதரை, பிளஷர் காரில் வந்திறங்கியவர் அதட்டினார்.

"ஏலே, என் முதுகைத் தேய். இலத்தூர் சங்கரலிங்கம்னா யாருன்னு தெரியும்லா?"

பெயரைக் கேட்டதும் அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் தேய்க்கத் தொடங்கினார்.

"நாளைக்குப் பண்பொழிக்காரர் என் வீடு பாக்க வாராரு. அவரு மகளை எம்மவனுக்குப் பேசியிருக்கு. பெரிய கனவானாம்."

"கனவான்னா யாருங்கய்யா?"

"பரம்பரையா மரியாதை தெரிஞ்சவன். உனக்கெங்க புரியப்போவுது! அழுத்தித் தேய்லே, மூதி!"

"அவுகளைப் பாத்திருக்கீகளா?"

"இல்லை, தரகர்தான் பேசுதாரு. ஆனா கனவானை மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்."

அந்த மனிதர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எம்மவளுக்கு வேற இடம் பாத்துக்கிடுதேன். நாளைக்கு வீடு பாக்க வரலை வே. முதுகைப் பாத்ததே போதும்."