ஸுபைராவின் கொங்கிறீட்

"உடைக்கத்தான் வேணும். முழுசா உடைச்சுப் புதுசாப் போடணும்."

"மூளை கழண்டு போச்சா உனக்கு? நல்லா இருக்கிற கொங்கிறீட்ட என்னத்துக்கு உடைக்கிற?"

"நல்லா இருக்குன்னு நீங்க சொன்னாப் போதுமா?"

ஸுபைராவும் அவள் புருஷன் ஸலீமும் போட்ட சத்தம் ரோட்டுவரைக்கும் கேட்டது. ரோட்டில் நின்ற நாங்கள் தலையைத் திருப்பவில்லை. காதை மட்டும் திருப்பினோம். அவர்கள் மகள் ஷம்ராவுக்குப் பண்டாரவளையில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையிடம் வெள்ளைக் கார் இருந்தது. இதற்குமேல் எங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பதுளையில் மேட்டில் வீடு கட்டிய எல்லோருக்கும் உள்ளதுதான்: கேட்டிலிருந்து வாசல்வரை செங்குத்தாக ஏறும் ஒரு கொங்கிறீட் பாதை. ஸலீம் வீட்டுப் பாதையில் அங்கங்கே வெடிப்பும், மழை விட்டுப்போன பாசியும் இருந்தன. அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மேசன் கணபதி, சுத்தியலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அடி மண்ணு எறங்கியிருந்தா பொத்துப்போன சத்தம் வரும்மா. இது கிண்ணுனு இருக்கு. வெடிப்புக்கு ஒட்டுப் போட்டுப் பாசியச் சொரண்டிவிட்டாப் போதும். ஒடைக்கிற காலம் இன்னும் வரலைங்க."

"அந்தக் காலம் வந்த பொறகு உடைக்க நேரம் இருக்காது, கணபதி அண்ணே."

"பாத்தீங்களா? கார்ப் பைத்தியம்," என்றார் ஸலீம். "மருமகன் நடந்து ஏறினா காலு தேஞ்சிருமாம்."

உண்மையில் தேய்ந்திருந்தது அவர் கால்தான். முழங்கால் போய்விட்டது என்று டொக்டர் சொல்லியும் அடங்காத மனிதர். கந்தூரிச் சோறு ஆக்குவதோ, பள்ளிவாசல் கூரையில் ஏறுவதோ, இறந்தவரின் ஜனாஸா தூக்குவதோ, எதுவானாலும் முன்னுக்கு அவர்தான். தோள் மாற்றக் கேட்டாலும் விடமாட்டார்.

அந்த ஆளையே ஸுபைரா சாப்பிடாமல் கிடந்து தோற்கடித்தாள். ஏற்கெனவே பாதியாக மெலிந்திருந்தாள். கல்யாணப் படத்தில் மகளுக்கு அக்கா மாதிரி நிற்க ஆசை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

புதுக் கொங்கிறீட் ஊற்றிய அன்று கணபதிக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்தாள். மழமழவென்று இழுக்க விடவில்லை. குறுக்கே கோடு போடச் சொன்னாள். போட்டதும், இன்னும் நெருக்கமாக என்றாள்.

"கார் டயருக்கு இவ்ளோ நெருக்கம் தேவையில்லம்மா."

"ஆக்கள் நடக்கத்தான். பாரத்தோட ஆறு பேர் ஒண்ணா எறங்கினா வழுக்குமா? மழையில?"

"என்னா பாரம்? பிரியாணிச் சட்டியா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

கணபதி சிரித்தார். "சட்டி ஏறயிலதாம்மா பாரம். எறங்கயில காலியாத்தான் இருக்கும்."

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கோட்டை இன்னும் ஆழமாக இழுக்கச் சொன்னாள்.

ஈரச் சாக்கு விரித்து, காலையும் மாலையும் அவளே தண்ணீர் ஊற்றினாள். நன்றாக இறுகிய பிறகு, ஒரு மழைநாளில் ஸலீமைக் கூப்பிட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டு ஒருக்கா எறங்குங்க பாப்பம்."

"என்னப் பாத்தா கார் மாதிரி தெரியுதா உனக்கு?"

திட்டிக்கொண்டே இறங்கினார். அவள் வாசலில் நின்று அவர் காலையே பார்த்தாள். இன்னொரு தடவை இறங்கச் சொன்னாள்.

கல்யாணத்தன்று வெள்ளைக் கார் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. புதுக் காரை அந்த மேட்டில் ஏற்ற மாப்பிள்ளைக்குப் பயமாம். நாங்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தோம். ஸுபைரா காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஷம்ரா பண்டாரவளைக்குப் போனாள். அடுத்த பெருமழைக்காலம் முடிவதற்குள் ஸலீமும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய்ச் சேர்ந்தார். தனியாகத்தான் போனார்.

அவர் பெட்டியோடு அந்தக் கோடுகளில் கால் வைத்து இறங்கிப் போனதைப் பார்த்து நின்றபோதுதான், பக்கத்து வீட்டுப் பலீலா வாயைத் திறந்தாள். கொங்கிறீட் காயும் முன்பே ஸுபைரா அவளிடம் சொல்லி, வெளியில் விடக் கூடாதென்று சத்தியமும் வாங்கியிருந்தாளாம்.

"என் ஜனாஸாவத் தூக்கிட்டு எறங்கக்குள்ள அவருதான் முன்னுக்கு நிப்பாரு, பலீலா. முழங்கால் ஏலாத மனுசன், வழுக்கி விழுந்திரப்படாது."