அசனத்துக்கு வந்த வேன்

கிருபாபாய் அக்காவைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டார்கள். அதுவும் எங்கள் சர்ச் அசனத்தில், எங்கள் கண்ணெதிரே.

வருடத்துக்கு ஒருநாள் சபை முழுக்கக் கூடிச் சாப்பிடுகிற விருந்து அது. யார் வந்தாலும் இலை உண்டு. இந்த வருடம் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து ஃபார்ம் ஸ்டே விடுதியிலிருந்து ஒரு வேன் நிறைய வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கூட்டி வந்தவன் மெர்வின். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது கைடு.

அவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். வெங்காயம் உரித்து, அரிசி களைந்து ஓய்ந்துபோயிருந்த கிருபாபாய் அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரம்மா சட்டென்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, தனக்கும் எங்கள் ஞானரத்தினம் பெரியப்பாவுக்கும் நடுவில் உட்கார்த்திவிட்டது. இலை போடச் சொன்னது. சோற்றை எப்படிப் பிசைவது என்று சைகையில் கேட்டது.

அக்கா பிசைந்து ஒரு வாய் வைத்தார். வரிசையிலிருந்த அத்தனை போன்களும் அவர் வாய்க்கு நேராக நீண்டன.

பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். நானும் எழுந்துவிட்டேன்.

கை கழுவிய ஈரத்தோடு மெர்வினைப் பிடித்தேன்.

"ஏலே, ராஜபாளையத்துல நாயக் காட்டுன. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கோபுரத்தக் காட்டுன, பால்கோவா வாங்கிக் குடுத்த. இப்ப நாங்க திங்கிறதையும் காட்டணுமா?"

"ஆரம்பிச்சிட்டா. காலேஜ் பட்டிமன்றத்த இங்க வந்து நடத்தாதட்டி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. படம் எடுக்கட்டுமான்னு அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேக்கல. தப்புதான். நான் சொல்லுதேன் அவங்ககிட்ட." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா இவங்க வரலேன்னா நான் திருப்பூருக்குத்தான் பஸ் ஏறணும் வின்சி. இவங்க தங்குற எடத்துல சமையல் பாக்கிற மாரிச்செல்வி மறுபடி களை எடுக்கப் போகணும். அதையும் செத்த யோசி."

"உங்க பொழப்புக்காக அக்கா கூண்டுக்குள்ள உக்காரணுமோ?"

அவன் வேன் பக்கம் திரும்பிப் போய்விட்டான். ஜெயித்த வேகத்தில் நேரே பெரியப்பாவிடம் போனேன். அவர்தான் அசனக் கமிட்டித் தலைவர். நான் கிழக்கு என்றால் மேற்கு என்பவர். நான் படித்ததே தப்பு என்று வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லுகிறவர். இன்றைக்கு நான் பேசி முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

"நீ சொல்றது அம்புட்டும் நெசம்ட்டி. யார எங்க உக்கார வைக்கணும்னு ஒரு முறை தெரியாத ஆளுக. அடுத்த வருசம் அந்த வேன் காம்பவுண்டுக்குள்ளயே வரக்கூடாது. சாயங்காலம் கமிட்டி கூடுது, நீயே வந்து பேசு."

"பேசுறேன் பெரியப்பா."

"கிருபாவையும் கூட்டிட்டு வா. மனசு சங்கடப்பட்டுச்சுன்னு அவ வாயால சொல்லிட்டான்னு வையி, பொறவு பாஸ்டரும் மறுத்துப் பேச மாட்டாரு."

எனக்கே நம்ப முடியவில்லை. பெரியப்பாவும் நானும் ஒரே கட்சி.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் கிருபாபாய் அக்கா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

"ரொம்ப அவமானமாப் போச்சுல்லக்கா?"

"எது பாப்பா?"

"அந்தம்மா உங்களப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சு, ஆளாளுக்குப் படம் எடுத்து..."

"படம் எடுத்தது பிடிக்கலதான். வாயில சோத்த வச்சிருக்கையிலயா எடுப்பாவ? தொடைக்கக்கூட விடல."

"அதத்தான்க்கா சொல்றேன். சாயங்காலம் கமிட்டியில வந்து இதச் சொல்லுங்க. அடுத்த வருசம் அவங்கள வரவிடாமப் பண்ணிருவோம். பெரியப்பாவே சரின்னுட்டாரு."

"சரின்னு சொல்லாம என்ன செய்வாவ? உங்க பெரியப்பா இலைக்கு அடுத்த இலை என்னோடதுல்லா."

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

"அப்படி இல்லக்கா. வேலை பாக்கிறவங்க கடைசியில சாப்பிடுறது எல்லா விசேசத்துலயும் உள்ளதுதான..."

"முந்துன வருசம் கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தேன். ஒரு துரும்பத் தூக்கிப் போடல. ஆராதனை முடிஞ்சு அந்தா அந்த வேப்பமரத்தடியிலயே உக்காந்திருந்தேன், எங்க தெருவுக்கு இலை போடுற வரைக்கும்."

திரும்பிக் கடைசிப் பந்தியைப் பார்த்தேன். முழுக்க அக்காவின் கீழத்தெரு. எங்கள் மேலத்தெருவிலிருந்து ஒரு முகம்கூட அதில் இல்லை.

"அப்ப... கமிட்டியில என்ன சொல்லட்டும்க்கா?"

அக்கா அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேன் வரட்டும்னு சொல்லு. படம் மட்டும் எடுக்க வேண்டாம்னு சொல்லு. அந்தம்மாவுக்கு நம்ம ஊரு விவரம் ஒண்ணும் தெரியாது, பக்கத்துல உக்கார வச்சிருச்சு. விவரம் தெரிஞ்ச நீங்கள்லாம் இம்புட்டு வருசமா அந்த முதப் பந்தியிலதான பாப்பா இருந்திய?"