யாரும் சொல்லாத பெயர்

"ருவாவை விட்டுட்டு இன்னொரு கோல்கீப்பர் பேரை இந்த ரூமுக்குள்ள எவனாவது சொன்னீங்க, மட்டையாலேயே போடுவேன்!" என்று கத்தினான் கேப்டன் ரெஜான். "நாலு கோப்பைடா! நாலு!"

"கோப்பை டீமுக்குக் குடுக்கிறது. ஆளைப் பாருடா. ஹாஷெக் மாதிரி ஒரு கோல்கீப்பர் பொறக்கணும்," என்றான் இவோன். "நாகானோ ஒலிம்பிக்ஸ்ல நம்ம ஆளுங்க அஞ்சு பேர் வரிசையா வந்தாங்க. ஒருத்தனாலயாவது உள்ள போட முடிஞ்சுதா? நான் அன்னிக்கு டிவியை உடைக்காத குறை."

"அப்ப ப்ரொதூர் என்ன தொக்கா? அறுநூத்தித் தொண்ணூத்தோரு ஆட்டம் ஜெயிச்சவன்!" என்று கிலேன் குறுக்கே விழுந்தான்.

ஞாயிறு காலை. கனடாவில் சிக்கூடிமி ஊர்ப் பனி அரங்கின் உடைமாற்றும் அறை. ஐம்பதைத் தாண்டியவர்களின் ஐஸ் ஹாக்கி ஆட்டம். மூன்று பகுதியில் இரண்டு முடிந்து இடைவேளை விட்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஒடெட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்து நர்ஸ் உடையோடு பின்வாசல் வழியாக நேரே வருகிறாள். ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

பெஞ்சின் கோடியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தான் அவள் கணவன் நோர்மான். அணியின் கோல்கீப்பர். முகமூடியை மடியில் வைத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் மூன்று ஆள் உட்காரும் இடம் காலி. மற்ற பன்னிரண்டு பேரும் மறுகோடியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன்கூட அவன் பக்கம் திரும்பவில்லை.

ஒடெட்டுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதான் ரெஜானின் மனைவி விஷயத்தைக் காதில் போட்டிருந்தாள். இன்றைய ஆட்டம் முடிந்ததும் ஓட்டெடுப்பாம். நோர்மானை அனுப்பிவிட்டு, ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் ரிடையரான தீயணைப்புக்காரன் ஒருவனைக் கோலில் நிறுத்தப் போகிறார்களாம். பத்தொன்பது வருடமாக இந்த அணிக்கு வலை காத்தவன். போன வாரம் ஒன்பது கோல் விட்டான், உண்மைதான். அதற்கு முந்தைய வாரம் ஏழு. அதற்காக?

"என்னங்க, உங்களை ஒதுக்கி வெச்சிட்டாங்களா?"

நோர்மான், வெளியே போய்விடு என்று கையால் கெஞ்சினான்.

"போக மாட்டேன்," என்று ஒடெட் அவன் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

அறை முழுக்க 'ஐயோ' என்று ஒரு முனகல் எழுந்தது.

"என்னடா ஐயோ? இவர் பக்கத்துல உட்கார்ந்தா தொத்திக்குமா?"

கிலேன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ப்ரொதூர் மட்டும் நூத்தி இருபத்தஞ்சு ஆட்டத்துல ஒரு..." என்று ஆரம்பித்தான். ரெஜான் அவன் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தான். கிலேன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பேசுங்கடா, நல்லா பேசுங்க! ருவா, ஹாஷெக், ப்ரொதூர்! அவங்கல்லாம் கோடி கோடியா வாங்கிட்டு நின்னாங்க. உங்களுக்காக நோர்மான் ரெண்டு பல்லை விட்டிருக்காரு. ஒரு முட்டி போச்சு. டேய் இவோன், நீ எத்தனை தடவை இவர் மேலேயே போய் விழுந்திருக்கே? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வராம இருந்திருக்காரா?"

"அம்மா தாயே, அவன் பேரைச் சொல்லாதே!" என்றான் ரெஜான்.

"ஏன், சொன்னா வாய் வெந்துடுமா? சொல்லுவேன். நோர்மான்! நோர்மான்! என்னைக் கேட்டா உலகத்துலயே பெரிய கோல்கீப்பர் இவர்தான்!"

நோர்மான் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தாள் ஒடெட். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஓட்டுதானே? இப்பவே போடுங்க, என் கண் முன்னாடி போடுங்க! இன்னிக்கு எத்தனை விட்டாரு? அஞ்சா? ஆறா? எத்தனையா வேணா இருக்கட்டும், எவனுக்காவது தைரியம் இருந்தா வாயைத் திறந்து சத்தமா சொல்..."

ரெஜான் ஒரே பாய்ச்சலாக வந்து, வியர்வை நாறும் கையுறையால் அவள் வாயைப் பொத்தினான். தூக்காத குறையாக வெளியே இழுத்துப் போய், பனித் தளத்துக்கு மேலே தொங்கிய ஸ்கோர் போர்டைக் காட்டினான்.

ஒடெட் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். நம் அணி ஒன்று. எதிரணி பூஜ்யம்.

"போர்டு ரிப்பேரா?" என்று கிசுகிசுத்தாள்.

இல்லை என்று தலையாட்டினான் ரெஜான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஒரு கோல்கூட விடாமல் நிற்கும் கோல்கீப்பரிடம் ஆட்டம் முடியும்வரை பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விட்டால் ராசி போய்விடும் என்பது அந்த ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். ஒடெட்டுக்கும் தெரியும், பத்தொன்பது வருடத்தில் நோர்மான் விஷயத்தில் அது ஒரு முறைகூடத் தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் திரும்ப உள்ளே ஓடினாள். கணவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இடுப்பில் கையை ஊன்றி, எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள்: "ஹாஷெக்தான்டா! எவன்டா இல்லேங்கிறது?"