ஆறாவது மாடியில் நடிப்பு

கோவை அவிநாசி சாலையில் பாதி அலுவலகக் கட்டடங்கள் காலி. ஆளில்லாத கட்டடத்தை யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால், வேலை செய்வதுபோல் நடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள் கட்டட உரிமையாளர்கள். ஆறாவது மாடியில் வசுமதிக்கு அதுதான் உத்தியோகம்.

அன்று காலை மேனேஜர் நாச்சிமுத்து பரபரத்தார். "காலியா கிடக்கிற மேல்மாடியப் பார்க்க ஒரு கம்பெனிக்காரர் வர்றாருங்க. முதல்ல இங்க எட்டிப் பார்ப்பாருங்க. நல்லா டைப் அடிங்க கண்ணு."

நிஜக் கம்பெனி ஒன்று வந்துவிட்டால் நடிப்பு எதற்கு? வேலை போய்விடுமே என்று வசுமதிக்குப் பகீரென்றது. பக்கத்து நாற்காலி ரமணியிடம் கிசுகிசுத்தாள்: "காரியத்தைக் கெடுத்துடலாமுங்க்கா."

கம்பெனிக்காரர் நுழைந்தபோது ரமணி மேசையில் தலைசாய்த்துக் குறட்டை விட்டாள். வசுமதி போனில் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று சண்டை. நாச்சிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது.

வந்தவரோ நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையிலிருந்து எத்தனையோ பில்டிங் பார்த்துட்டேனுங்க. எல்லாத்துலயும் தலைநிமிராம டைப் அடிச்சு நடிக்கிறாங்க. இங்கதான் நிஜமா ஆபீஸ் நடக்குது! மேல்மாடி எனக்குத்தான்."

அவரை லிஃப்டில் அனுப்பிவிட்டு நாச்சிமுத்து பூரிப்போடு திரும்பினார்.

"பின்னிட்டீங்க, கண்ணு. நாளையிலிருந்து வர வேண்டியதில்லீங்க."